மீனுக்கும் வயிறு உண்டு

நுவரெலியாவின் தை மாதக் குளிரை அங்கு வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியும்போது புல்லின் மேல் பனி உறைந்து வெள்ளையாய்க் கிடக்கும். அப்படியொரு காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. "மிஸ், மீனுக்கு வயிறு ஊதிப்போய்க் கிடக்கு. நான் என்ன செய்யிறது?"

பேசியவர் சில வருடங்களாக நான் அறிந்த சகோதரி. பெயர் வேண்டாம், அக்கா என்றே எழுதுகிறேன். அவருடைய தாய் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அக்கா அங்கேயே பிறந்து, முல்லைத்தீவுக் கரையில் ஒரு கடற்றொழிலாளியைக் கைப்பிடித்தார். 2004 இல் கடல் வந்து வீட்டை எடுத்தது. 2009 இல் கணவர் காணாமல் போனார். மெனிக்பாம் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளுடன் வெளியே வந்தபோது, போவதற்கென்று இருந்தது மாமா வாழ்ந்த லயத்துக் காம்பரா ஒன்றுதான்.

கொழுந்து பறித்துப் பழகாத கை. ஆகவே நகரத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த விடுதியின் வரவேற்பு மண்டபத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. உள்ளே இருப்பவை கடல் மீன்கள். 'நீ கடற்கரைப் பெண்தானே, இதையும் பார்த்துக்கொள்' என்று பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். "மீன் பிடிக்கிறதும் மீன் வளர்க்கிறதும் ஒண்டா, மிஸ்?" என்று அக்கா என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி. செத்துப்போகும் மீனின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதுதான் பெரிய சிக்கல். இப்போது வயிறு ஊதியிருந்தது நீல நிறச் சேர்ஜன் மீன். வாலடியில் கத்தி போன்ற முள் உள்ள அந்த மீனின் விலை, தோட்டத்தில் பல நாள் 'பேர்' போட்டால்தான் சேரும்.

நான் சமூகவியல் படித்தவள். மீனின் வயிற்றைப் பற்றி எங்களுக்கு எவரும் பாடம் எடுக்கவில்லை. எனினும் ஒரு பெண்ணின் சம்பளம் அந்த வயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போது பேசாமல் இருக்க முடியாது. தெரிந்த கால்நடை வைத்தியர் ஒருவரிடம் கேட்டேன், புத்தகங்கள் பார்த்தேன், பிறகு நேரில் போனேன். அறிந்துகொண்டதை இங்கு எழுதுகிறேன். வீட்டில் கப்பி மீனோ பொன்மீனோ வளர்த்து நாலு காசு பார்க்கும் சகோதரிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கடல் மீன் தண்ணீர் குடிக்கும்

நன்னீர் மீன் பொதுவாகத் தண்ணீர் குடிப்பதில்லை. தேவைக்கு மேலாகவே தண்ணீர் அதன் உடலுக்குள் வந்துவிடும். கடல் மீனின் நிலை நேர்மாறானது. வெளியே இருக்கும் உப்பு நீர் அதன் உடலிலுள்ள நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இழந்ததை ஈடுசெய்ய அது ஓயாமல் கடல் நீரைக் குடிக்க வேண்டும். குடித்ததைக் குடல் உறிஞ்சி எடுக்கும், மிஞ்சிய உப்பைப் பூக்கள் வெளியே தள்ளும். பூ என்று நாங்கள் சமையலுக்கு மீன் வெட்டும்போது பிய்த்தெறிகிறோமே, அதுதான். ஆகவே கடல் மீனின் குடல் சோறு சமிக்கும் இடம் மட்டுமல்ல, உடலின் நீரைக் காக்கும் இடமும் அதுவே. குடல் கெட்டால் தண்ணீருக்குள்ளேயே அந்த மீன் வரண்டு போகும். வயிற்றோட்டத்தில் குழந்தை வாடுவதைக் கண்ட தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று குளிர். மீனுக்கு எங்களைப்போல் சொந்தமாக உடற்சூடு கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. பவளப்பாறை மீன்களுக்கு 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில்தான். ஹீட்டர் நின்றால் தொட்டி ஓர் இரவில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த வயிற்றில் செரிமான நீர்கள் வேலை செய்யாது. மாலையில் தின்ற தீனி அப்படியே கிடந்து புளித்து வாயு கட்டும்.

உயரத்தால் வரும் இன்னொரு இடைஞ்சல் பலருக்குத் தெரியாது. நுவரெலியாவில் காற்றமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதனால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். தின்றதைச் சமிக்க மீனுக்கு அதிக ஒட்சிசன் தேவை. எனவே மலைநாட்டில் காற்றுப் பம்பி ஓடாத நேரத்தில் தீனி போடவே கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டதே, அந்த நாட்களில் நாடெங்கும் எத்தனை தொட்டிகள் வெறுமையாகியிருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

என்ன கொடுத்தீர்கள்?

முதலில் அக்காவிடம் கேட்டது இதைத்தான். விடுதியில் வாங்கி வைத்திருந்த காய்ந்த உருண்டைத் தீனி, காலை மாலை ஒவ்வொரு பிடி. அது போதாதென்று விருந்தினர்களின் பிள்ளைகள் பிஸ்கட்டும் பாணும் போடுவார்களாம். மீன் ஓடிவந்து தின்னும், பிள்ளைகள் சிரிக்கும், யாரும் தடுக்கமாட்டார்கள்.

சேர்ஜன் மீன் பாறையில் படரும் பாசியை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும் சாதி. பாசி தின்னும் மீனுக்குக் குடல் நீளம். மாவும் கொழுப்பும் நிறைந்த உருண்டைத் தீனியை ஒரே தடவையில் அடைத்தால் அந்த நீளமான குடலில் அது சிக்கிக்கொள்ளும். காய்ந்த உருண்டை வயிற்றுக்குள் போய் ஊறிப் பெருக்கவும் செய்யும். இதைச் சொன்னதும் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்கட ஓரா மீன் மாதிரித்தானே! ஓராவின்ர குடலைக் கிழிச்சால் முழுக்கப் பாசிதான் இருக்கும்." எத்தனை ஆயிரம் மீன் வெட்டிய கை அது. அறிவு அவரிடம் முன்பே இருந்தது. தொட்டிக்கும் கடலுக்கும் முடிச்சுப் போட்டுக் காட்ட ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

கோமாளி மீன் அப்படியல்ல, பாசியும் சிறு இறாலும் கலந்து தின்னும். எந்த மீனானாலும் மாட்டிறைச்சி, கோழி இறைச்சி போன்றவற்றின் கொழுப்பைக் கொடுக்கக் கூடாது. கடல் மீனின் ஈரலில் அது படிந்து நோயாகும்.

நோயை எப்படி அறிவது? மீனின் வயிற்றையும் கழிவையும் தினமும் பார்க்க வேண்டும். நல்ல மீனின் கழிவு தின்றதன் நிறத்தில் இருந்து விரைவில் அறுந்து விழும். வெள்ளை நூல்போல நீளமாகத் தொங்கினால் குடல் வெறுமையாக இருக்கலாம், புண்ணாகியிருக்கலாம். ஒரு நாள் கண்டதும் பதறத் தேவையில்லை. நாலைந்து நாள் தொடர்ந்து, நன்றாகத் தின்றும் வயிறு உள்ளே ஒட்டிப் போகிறதென்றால் குடலில் புழுவோ கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியோ இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். தீனியை வாயில் எடுத்துத் துப்புவதும், மூலையில் ஒதுங்கி நிற்பதும், ஒருபக்கமாகச் சரிந்து நீந்துவதும் அறிகுறிகளே. வயிறு ஊதி, செதில்களும் பைன் மரக்காய் விரிந்ததுபோல் நிமிர்ந்துவிட்டால் அது வெறும் அசமியம் அல்ல. உள்ளுறுப்புகள் கெட்டு உடலில் நீர் கட்டிவிட்டது. அப்படியான மீன் பிழைப்பது அரிது.

அக்காவின் மீனுக்குச் செதில் நிமிரவில்லை. முதலில் தீனியை நிறுத்தினோம். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் சாகாது, குஞ்சுகளுக்குத்தான் அது ஆகாது. ஹீட்டரைப் பார்த்தால் இரவில் யாரோ பிளக்கைக் கழற்றிக் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றியிருக்கிறார்கள்! தண்ணீர் 19 பாகையில் நின்றது. அதை ஒரேயடியாக ஏற்றினால் மீன் தாங்காது என்பதால், சில மணித்தியாலத்துக்கு ஒரு பாகை வீதம் ஏற்றினோம். தொட்டியின் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் ரெஜிபோம் பலகை வைத்துக் கட்டினோம்.

மூன்றாம் நாள் கடற்பாசித் தாளில் சிறு துண்டு. விடுதிச் சமையலறையில் வெளிநாட்டவருக்கென்று அது இருந்தது நல்லதாயிற்று. பாசி கிடைக்காவிட்டால் சலாது இலையை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் தற்காலிகமாகக் கொடுக்கலாம். ஆனால் நுவரெலியாத் தோட்டக்காய்களுக்கு எவ்வளவு மருந்தடிக்கிறார்கள் என்பது நாம் அறியாததல்ல, நன்றாகக் கழுவ வேண்டும். வீட்டுப் பொன்மீனுக்கு மலச்சிக்கல் என்றால் பச்சைப் பட்டாணியை அவித்துத் தோலுரித்து நசுக்கிக் கொடுப்பது பழைய வழி. உப்பளங்களில் வளரும் ஆர்ட்டீமியா என்ற சின்ன இறாலும் குடலை இளக்கும்.

இவற்றால் இளகாவிட்டால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, 20 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பு சேர்ப்பதுண்டு. அந்தத் தொட்டியிலும் இருக்க வேண்டியது கடல் நீரே. கறியுப்பைக் கரைத்தால் அது கடல் நீராகிவிடாது. ஆனையிறவு உப்பானாலும் சரி, கடலிலுள்ள மக்னீசியமும் கல்சியமும் அதில் அந்த அளவில் இல்லை. புழுவுக்கும் ஒட்டுண்ணிக்கும் மெட்ரோனிடசோல், பிரசிகுவாண்டெல் போன்ற மருந்துகளைத் தீனியில் கலந்து கொடுப்பார்கள். எது, எவ்வளவு என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் குளிசையைத் தொட்டியில் கரைத்தால் தண்ணீரைச் சுத்தமாக்கும் நல்ல பற்றீரியாக்களும் அழிந்து, இருக்கிற மீனும் போகும். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தில் மீன் நோய் பற்றி விசாரிக்கலாம். செத்த மீனைக் காட்டுவதானால் பையில் இட்டு ஐஸ்கட்டி மேல் வைத்து அன்றே கொண்டு போங்கள். உறையவைத்தால் உள்ளே பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

தொட்டி அருகே காத்திருந்தபோது அக்கா வேறொன்றும் சொன்னார். முள்ளிவாய்க்காலில் உப்புக் கஞ்சியோடு கிடந்த வயிறு, முகாமுக்கு வந்து பார்சல் சோற்றை அள்ளித் தின்றதும் தாங்கவில்லையாம். மூத்தவன் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டானாம். எனக்கு வைத்தியர் சொன்னது நினைவுக்கு வந்தது. பைக்குள் தண்ணீர் கெடாதிருக்க, மீனை அனுப்புமுன் ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி போடுவார்களாம். நமது நாட்டில் விற்பனையாகும் கடல் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை அல்ல. திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கக் கடல்களில் சுழியோடிகள் பிடிப்பவை. கடலிலிருந்து கொழும்பு வழியாக மலைக்கு வந்து சேரும்போது அவற்றின் குடல் வெறுமையாக இருக்கும். வந்த அன்றே வயிறு நிறையப் போட்டால் என்ன ஆகும் என்பதை அக்காவுக்கு நான் விளக்கவில்லை.

இந்தத் தொழிலில் பெண்களுக்கு இடமுண்டா என்று கேட்பவர்களுக்கு, இலட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்கள் கடல் அலங்கார இறால்களையும் கோமாளி மீன்களையும் வளர்த்து வருகிறார்கள். ஆனால் மலையகத்தில் கடல் மீனில் கை வைக்க நான் சொல்லமாட்டேன், செலவு அதிகம். குளிரைத் தாங்கும் பொன்மீன் போன்றவை பரவாயில்லை. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீர் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையில் பயிற்சி பற்றிக் கேட்டுப் பாருங்கள். கடன் வாங்கித் தொட்டி கட்டுவதற்கு முன்பு கேளுங்கள், பிறகு அல்ல.

அந்த வாரம் ஒரு கோமாளி மீன் செத்தது. அதற்குக் குளிர் தாங்கவில்லை. விடுதி முகாமையாளரிடம் ஹீட்டர் பிளக் கதையைச் சொன்னேன். அந்த மீனின் காசை அம்மாதம் பிடிக்கவில்லை, இனிப் பிடிக்கமாட்டோம் என்று எழுதித் தரவும் இல்லை. சம்பளத்தில் இப்படிப் பிடிப்பது சரியா என்று தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம் என்றேன். அக்கா யோசிப்பதாகச் சொன்னார். தொட்டியில் 'தீனி போடாதீர்கள்' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் காலை மறுபடியும் தொலைபேசி. குரலிலேயே தெரிந்தது.

"மிஸ், மீன் வெளிக்குப் போயிட்டுது. பச்சையாய், நல்ல நீளமாய்!"