சீமைக் கிளிகள்

தென்னமெரிக்க மழைக்காடுகளில் பஞ்சவர்ணம் ஜொலிக்கும் மக்காவ் கிளிகளைத் தரிசிக்கக் கடல் கடந்து செல்லும் ரசிகர்கள் உளர். வானம் பார்த்த பூமியாகிய புதுக்கோட்டைச் சீமையிலோ, அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த பச்சைக்கிளி, விடியற்காலையில் கீச்சிட்டுக்கொண்டு நம் தலைக்கு மேலேயே அம்புபோல் விரைந்து செல்கிறது.

நார்த்தாமலையிலோ குடுமியான்மலையிலோ ஒரு வேப்பமரத்தடியில் சப்தமின்றி அமர்ந்து, பழம் தின்ன வந்த கிளியைக் கூர்ந்து நோக்கினால், முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்த விரல்களால் அது கிளையைப் பற்றுவதும், வளைந்த அலகை மூன்றாவது கால்போல் ஊன்றிக் கொம்புக்குக் கொம்பு ஏறுவதும் புலனாகும். கழுத்தில் கருமையும் ரோஜா வர்ணமும் இழைந்த ஆரம் வளர்ந்த ஆணுக்கு மட்டுமே உரியது. பெண்ணுக்கும் குஞ்சுக்கும் அந்த ஆபரணம் இல்லை.

மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து கைவிட்ட பொந்துகளிலும், பழைய சுவர்களின் இடுக்குகளிலும் இது முட்டையிடும். பட்டமரம்தானே என்று நாம் வெட்டிச் சாய்ப்பது சில வேளைகளில் ஒரு கிளிக் குடும்பத்தின் கிருகத்தையே. கொய்யாவைப் பாதி கடித்துப் போட்டுவிடுகிறது என்ற விவசாயியின் புகாரும் நியாயமானதுதான்.

ஆயினும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, இதைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது குற்றம். சோதிடக்காரரின் கிளிக்கும் அச்சட்டம் பொருந்தும்.