தோலின் குருதிக்குழாய் அகவணிச் செல்கள்: இடப்பெயரும் வகைப்பெயரும் நிலைப்பெயரும்

மனித உடலின் குருதிக்குழாய்கள் யாவற்றின் உட்புறத்தையும் ஓரடுக்குச் செல்கள் போர்த்தியுள்ளன. இவ்வடுக்கினைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எண்டோதீலியம் என்று ஒலிபெயர்ப்பாலும், இலங்கைக் கலைச்சொல் மரபு அகவணி என்று மொழிபெயர்ப்பாலும் குறிக்கின்றன. அணி என்னும் சொல் வரிசை, அணியப்படுவது ஆகிய இரு பொருளும் தருதலின், ஒற்றை வரிசையாய் நின்று உட்புறத்தைப் போர்த்தும் செல்லடுக்கிற்கு அகவணி என்பது இயைபுடைய சொல்லாகும். இக்கட்டுரையில் அதுவே ஆளப்படுகின்றது. சவ்வு, படலம் என்பனவும் சில மொழிபெயர்ப்புகளில் காணப்படுகின்றன. உயிர்ச்செயல் ஏதுமின்றிக் குழாயினுள் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய தாளொன்றை இச்சொற்கள் நினைவூட்டுதலின் அவை தவிர்க்கத்தக்கன.

மூலச்சொல்லின் வரலாறும் நேரியதன்று. ஆம்ஸ்டர்டாம் நகரின் உடற்கூற்றியலார் ஃபிரெடரிக் ரூய்ஷ், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உதட்டின் நுண்முகிழ்களை மூடியுள்ள மெல்லிய தோலைக் குறிக்க எபிதீலியா என்னும் சொல்லை ஆக்கினார். முலைக்காம்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் அடி. பாசல் நகரில் வில்ஹெல்ம் ஹிஸ் 1865இல் அவ்வடியையே எடுத்துக்கொண்டு, 'உள்' என்னும் பொருளுடைய முன்னொட்டைச் சேர்த்து எண்டோதீலியம் எனப் பெயரிட்டார். ஆகவே இச்சொல்லை உறுப்புறுப்பாகப் பிரித்துப் பொருள் காண முயல்வோர்க்கு எஞ்சுவது 'உட்காம்பு' என்பதேயாகும். மேலும், ஹிஸ் இச்சொல்லால் குருதிக்குழாய்களின் உள்ளடுக்கினை மட்டுமன்றி நெஞ்சறை, வயிற்றறை போன்ற உட்குழிகளின் உறையையும் குறித்தார். அவ்வுறைக்குப் பின்னர் வேறு பெயர் அமைந்தமையால் இதன் பொருட்பரப்பு சுருங்கிற்று. சொல் சுருங்கிய பின்னரும் அதனுள் அடங்கும் பொருள்கள் ஒருபடித்தானவையல்ல என்பதே இங்குக் கருதத்தக்கது.

மேல்தோலில் குருதிக்குழாய்கள் இல்லை. அதன்கீழுள்ள உள்தோலில் அவை இரு கிடைநிலைப் பின்னல்களாக அமைந்துள்ளன. ஒன்று உள்தோலும் கொழுப்படுக்கும் கூடுமிடத்திலும், மற்றொன்று உள்தோலின் மேற்பகுதியிலும் உள்ளன. மேற்பின்னலிலிருந்து ஒவ்வொரு முகிழுக்குள்ளும் ஒரு தந்துகி வளைந்தேறி இறங்குகின்றது. தந்துகி என்பது நூலைக் குறிக்கும் தந்து என்னும் சொல்லோடு தொடர்புடையது. இலங்கை வழக்கிலுள்ள மயிர்க்குழாய் என்பது இலத்தீன் மூலத்தின் பொருளை அவ்வாறே தருவது. ஏனைய உறுப்புகளைப் பற்றிய நூல்களில் இதனால் இடர்ப்பாடில்லை. தோலைப் பற்றிய நூலிலோ மயிர்க்காலும் மயிர்க்குழாயும் ஒரே பத்தியில் வருமாதலின், பின்னதை மயிரின் உறையென்று படிப்பவர் மயங்க இடமுண்டு.

இதனினும் பெரிய மயக்கம் நாளம் என்பதில் உள்ளது. தமிழ்நாட்டு வழக்கில் இரத்த நாளம் என்றால் குருதிக்குழாய் எதுவாயினும் ஆம். அதன் வகைகள் தமனி, சிரை எனப்படும். இலங்கை வழக்கில் நாளம் என்பது சிரையை மட்டும் சுட்டும். தமனிக்கு நாடி என்று பெயர். இலங்கை நூலொன்றில் நாளத்தின் அகவணி பற்றிக் கூறப்பட்டதைத் தமிழ்நாட்டு வாசகர் எல்லாக் குழாய்களுக்கும் உரியதாகக் கொள்வர். செவிலியர்க்கான ஊசிமருந்துக் குறிப்பிலோ இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று.

தமனி, தந்துகி, சிரை என்பன அடிப்படையில் இடப்பெயர்கள். குழாய்த்தொடரில் ஒரு செல் எங்கு நிற்கின்றது என்பதைக் கூறுவன. இவ்விட வேறுபாட்டிற்கு ஒத்த இயல்பு வேறுபாடும் செல்களில் உண்டு. எலிக்கருவில் தமனிச் செல்கள் எஃப்ரின்-பி2 என்னும் புரதத்தையும், சிரைச் செல்கள் அதனை ஏற்கும் இஎஃப்பி-பி4 என்னும் புரதத்தையும் வேறுபடத் தாங்குவதை 1998இல் வெளியான ஆய்வு காட்டிற்று. குழாய்த்தொடர் முழுதும் உருப்பெறுவதற்கு முன்னரே இவ்வேறுபாடு தோன்றிவிடுகின்றது. எனவே இதனை வகை வேறுபாடு எனலாம்.

தோலில் அழற்சி தோன்றும்போது நிகழ்வது வேறு. தந்துகியை அடுத்துள்ள நுண்சிரைகளின் செல்கள் ஈ-செலக்டின் என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் வெளிக்காட்டுகின்றன. தோலை நாடிவரும் வெள்ளணுக்கள் அதனைப் பற்றிக்கொண்டு குழாயைவிட்டு வெளியேறுகின்றன. வளர்ப்புக்கலத்தில் அழற்சித் தூண்டலுக்கு உட்பட்ட செல்களில் இப்புரதம் சில மணி நேரத்தில் உச்சமடைந்து, ஒரு நாளுக்குள் பெரிதும் குறைந்துவிடுகின்றது. செல் மாறவில்லை, அதன் நிலை மாறியது.

மொழியியலார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பக்கம், பங்கு, அகம் ஆகியவற்றில் ககரம் மூன்று வகையாக ஒலித்தாலும் எழுத்து ஒன்றே. ஒலிப்பை முடிவு செய்வது சூழல். பல் என்பதற்கும் கல் என்பதற்கும் இடையிலான வேறுபாடோ ஒலியன் வேறுபாடு. அகவணிச் செல்களிலும் சூழலால் வருவதும் சூழலைக் கடந்து நிற்பதும் பிரித்தறியப்பட வேண்டியுள்ளன. ஆயினும் இவ்வுவமையை நெடுந்தொலைவு கொண்டுசெல்லலாகாது. நிணநீர்க் குழாய்களின் அகவணியில் பிராக்ஸ்-1 என்னும் புரதம் அச்செல்லின் அடையாளத்தை ஓயாது காத்து நிற்கின்றது. எலிகளில் அதனை நீக்கியபோது அச்செல்கள் குருதிக்குழாய்ச் செல்களின் இயல்புகளை மேற்கொண்டன என 2008இல் அறியப்பட்டது. ககரம் அவ்வாறு பகரமாவதில்லை.

வகையையும் நிலையையும் ஒரே சொல்லால் பெயர்ப்பதன் தீங்கு சோரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படையில் தெளிவாகப் புலப்படும். நலமான தோலில் முகிழுக்குள் அமைந்த தந்துகி வளைவு தமனிச் சார்பான அமைப்புடையது. இந்நோயில் அது நீண்டு முறுகி, சிரைச் சார்பான அமைப்பைப் பெறுகின்றது என எர்வின் பிரேவர்மன் மின்னணு நுண்ணோக்கி வழி 1970களில் விளக்கினார். நோய் தணியும்போது அது மீண்டும் பழைய அமைப்பிற்குத் திரும்புகின்றது. இதனைச் 'சிரை வகைச் செல்கள் தோன்றுகின்றன' என மொழிபெயர்த்தால், புதியவை வந்து பழையவை நீங்கின என்றாகிவிடும். நோயாளி படிக்கும் துண்டறிக்கையில் அத்தொடர் மீளமுடியாத மாற்றம் என்னும் பொருளையே தரும்.

மற்றொரு குறை மூலநூல்களுடையது. 1973இல் எரிக் ஜாஃபேயும் உடனாய்வாளரும் தொப்புள்கொடிச் சிரையின் அகவணிச் செல்களை வளர்ப்புக்கலத்தில் வளர்க்கும் முறையை வகுத்தனர். எளிதில் கிடைத்தமையால் பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் அகவணிச் செல் என்றாலே தொப்புள்கொடிச் செல் என்னும் அளவிற்கு அது வழங்கிற்று. தோலின் நுண்குழாய்ச் செல் அதனின் வேறானது. 'தொப்புள்கொடிச் சிரை' என்னும் அடை நீண்டுள்ளதென்று மொழிபெயர்ப்பாளர் அதனை விட்டுவிடுதல், ஆய்வின் முடிவையே மாற்றுவதாகும்.

அண்மைக்காலத்தில் ஒற்றைச்செல் ஆர்.என்.ஏ. வரிசையறிதல், தோற்செல்களை அவற்றில் இயங்கும் மரபணுக்களின் ஒப்புமை கொண்டு தொகுக்கின்றது. 2021இல் வெளியான மனிதத் தோற்செல் தொகுப்பில் குருதிக்குழாய் அகவணிக்கு மூன்றும் நிணநீர் அகவணிக்கு இரண்டுமாகக் கொத்துகள் காட்டப்பட்டன. கொத்து என்பது கணக்கீட்டின் விளைவு. அளவுகோலை மாற்றினால் எண்ணிக்கையும் மாறும். ஒரு கொத்து வகையாகவும் இருக்கலாம், நிலையாகவும் இருக்கலாம்; அம்முடிவு மேலாய்வுக்குரியது. அதுவரை கொத்து என்பதைக் கொத்து என்றே பெயர்ப்பது தகும். 'வகை' என்று எழுதுபவர் ஆய்வாளர் ஒத்திவைத்த தீர்ப்பைத் தாமே வழங்கிவிடுகின்றார்.

வகை, நிலை என்னும் இரண்டிலும் அடங்காத மூன்றாவதொன்றும் உண்டு. போர்ட் ஒயின் கறை எனப்படும் செந்நிறப் பிறவிக்குறிக்குக் காரணமான, ஜி.என்.ஏ.கியூ. என்னும் மரபணுவில் கருவளர்ச்சியின்போது நேரும் பிறழ்வு 2013இல் கண்டறியப்பட்டது. பிந்தைய ஆய்வுகள் அப்பிறழ்வு பெரும்பாலும் அகவணிச் செல்களிலேயே உள்ளதெனக் காட்டின. இயல்பான செல்லும் பிறழ்ந்த செல்லும் ஒரே தோற்பரப்பில் அடுத்தடுத்து நிற்கின்றன. பிறழ்ந்தது இடத்தால் தந்துகிச் செல்லோ நுண்சிரைச் செல்லோதான். தூண்டல் நீங்கினாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இத்தகைய செல்தொகுதிக்கு 'வழி' என்னும் பழஞ்சொல்லைக் கொண்டு பிறழ்வுவழிச் செல்கள் எனலாம். வழித்தோன்றல் என்பதில் உள்ள மரபுத்தொடர்ச்சிப் பொருள் இங்கும் செல்லும்.