வேண்டாத வளர்ப்பு மீன்கள்: எத்தனையை ஏற்கலாம்?

பட்டணத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாடு செல்பவர்களும், வாடகை வீடு மாறுபவர்களும், ஆசைக்கு வாங்கிச் சில மாதங்களில் அலுத்துப்போனவர்களும் தமது கண்ணாடித் தொட்டி மீன்களைக் கிராமத்து உறவினரிடம் கொண்டுவந்து கொடுப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். "உங்களிட்டைச் சீமெந்துத் தொட்டி இருக்குத்தானே, இதையும் அதுக்குள்ள விடுங்கோ" என்பார்கள். பிள்ளைகளும் பொலித்தீன் பையைச் சுற்றி நின்று துள்ளுவார்கள். ஒரு கிணற்றையும் ஒரு மலசலகூடத்தையும் பல குடும்பங்கள் பாவித்த நாட்களை மறக்காத எம்மவருக்கு, "இடமில்லை" என்ற சொல் எளிதில் வாயில் வருவதில்லை. ஆனால் மீனைப் பொறுத்தவரை அந்தச் சொல்லை வேளைக்குச் சொல்லாவிட்டால், வந்த மீனும் சாகும், இருந்த மீனும் சாகும்.

இதை நாம் பட்டே அறிந்தோம். எமது நிலையத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் பத்துக் கப்பி மீன்கள் சுகமாக இருந்தன. ஒருவர் கொடுத்த ஆறு தங்கமீன்களை அன்றே அதனுள் விட்டோம். நான்காம் நாள் காலையில் பெரும்பாலானவை மேலே மிதந்தன. தண்ணீரோ கண்ணுக்குத் தெளிவாகவே இருந்தது. யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள் என்றுகூடக் கதைத்தார்கள். நஞ்சுதான், ஆனால் அது மீன்களிடமிருந்தே வந்தது.

மீன் தனது கழிவைப் பெரும்பாலும் செவுள்வழியாக அமோனியாவாக வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியாவாகிறது. இது மிகக் குறைந்த அளவிலேயே மீனுக்கு நஞ்சு. தொட்டியின் சுவரிலும் அடிமணலிலும் வாழும் பற்றீரியாக்கள் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. வயலிலும் இதே வேலை நடக்கிறது. நாம் இடும் யூரியா மண்ணில் அமோனியாவாகி, நைத்திரேற்றாகிப் பயிரைச் சேர்வதும் இவ்வழியில்தான். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லும். பழைய தொட்டியிலும் அவை, அங்கிருக்கும் மீன்களின் கழிவுக்கு ஏற்ற அளவிலேயே இருக்கும். ஒரே நாளில் மீன்களை இரட்டித்தால், கூடுதல் கழிவைச் சமாளிக்கும் அளவுக்கு அவை பெருகுமுன் நஞ்சு முந்திவிடும். தண்ணீர் காரத்தன்மை கூடியதாகவும் சூடானதாகவும் இருந்தால் அமோனியாவின் கொடுமை அதிகம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் கிணற்றுநீரைப் பாவிப்போர் இதை மனதிற் கொள்ள வேண்டும்.

அடுத்தது ஒட்சிசன். தண்ணீருக்குள் அது பெருமளவில் மேற்பரப்பாலேயே செல்கிறது. ஆகவே தொட்டியின் ஆழத்தை நம்பி மீன் சேர்க்கலாகாது, வாயகலமே கணக்கு. மீன் வளர்ப்போரிடையே பழைய கணக்கொன்று உண்டு. வாலை விட்டு உடல் நீளத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்கு 30 சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பு விடவேண்டும். அதிகம் தின்று அதிகம் கழிக்கும் தங்கமீனுக்கு 75 விடவேண்டும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமுமுள்ள கண்ணாடித் தொட்டியின் மேற்பரப்பு 1800. நான்கு சென்ரிமீற்றர்க் கப்பி என்றால் பதினைந்து, பன்னிரண்டு சென்ரிமீற்றர்த் தங்கமீன் என்றால் இரண்டே இரண்டு. கிணற்றுக்கு இறக்கும் மூன்றடி வாயகலக் கொங்கிறீற்று வளையத்துக்கு அடிபோட்டுப் பூசிவிட்டால், அதன் மேற்பரப்பு கண்ணாடித் தொட்டியின் மூன்றரை மடங்கு. வளவில் வீணே கிடக்கும் வளையம் கடையில் வாங்கும் கண்ணாடியைவிட மேலானது என்பது எமது எண்ணம். புதுச் சீமெந்தானால் தண்ணீரை நிரப்பி நிரப்பிப் பலமுறை ஊற்றிவிட்ட பின்னரே மீன் விடவேண்டும். இல்லாவிடில் சீமெந்தின் காரம் மீனைக் கொல்லும்.

இந்தக் கணக்கு சிறுமீன்களுக்கே சரிவரும். பத்துச் சென்ரிமீற்றர் மீன் ஒன்று, ஒரு சென்ரிமீற்றர் மீன்கள் பத்துக்குச் சமனல்ல. நீளம் பத்து மடங்கானால் உடற்பாரம் ஏறக்குறைய ஆயிரம் மடங்காகிறது. எனவே கையில் தரப்படும் மீனின் இன்றைய நீளத்தைப் பாராமல், அது வளர்ந்து எவ்வளவாகும் என்று கேளுங்கள். பாசி தின்னும் என்று விரல் நீளத்தில் விற்கப்படும், தொட்டி துப்புரவாக்கும் உறிஞ்சுவாய் மீன் ஒன்றரை அடிவரை வளரும். ஒஸ்கார் ஓரடி. கத்திமீன் அதனிலும் பெரிது, கூட இருக்கும் சிறுமீனையும் விழுங்கும். இம்மூன்றையும் சிறு தொட்டிக்காரர் ஏற்காமலிருப்பதே நன்று.

ஏற்பதென்று முடிவுசெய்தால், முதலில் வேறாக வைக்க ஓர் அகன்ற பிளாஸ்ரிக் பாத்திரம் வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் மீனுக்கும் இடமில்லை என்றே கொள்ளுங்கள். மீன் வந்த பையைப் பாத்திரத்து நீரில் கால் மணித்தியாலம் மிதக்கவிட்டு, பிறகு சிறிது சிறிதாக நீரைக் கலந்து, மீனை மட்டும் எடுத்து விடவேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. மூன்று கிழமைகளாவது அங்கேயே வைத்துப் பார்த்தால், உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளி நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அந்த நாட்களில் தீனியைக் குறைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்பங்கு நீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்நீரைத் திறந்த வாளியில் ஒருநாள் வைத்துப் பாவியுங்கள். கிணற்றுநீரில் குளோரின் இல்லாவிட்டாலும் ஒட்சிசன் குறைவாயிருக்கலாம். உயரத்திலிருந்து இரண்டு மூன்றுமுறை வாளி மாற்றி ஊற்றினால் போதும். பிறகு, இரண்டு மூன்று மீன்களாகக் கிழமைக் கணக்கில் பழைய தொட்டிக்கு மாற்றலாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய்திறந்து மூச்சுவாங்கினால் தொட்டி நிரம்பிவிட்டது என்று பொருள்.

இடமில்லாத மீனைக் குளத்தில் விடுவோம் என்று நினைப்பவர்கள் பலர். "திலாப்பியாவும் வெளியிலிருந்து வந்ததுதானே" என்றும் கேட்பார்கள். உண்மை, அது 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது, இன்று ஏழைகளின் கறியாகிவிட்டது. ஆனால் எல்லா மீனும் கறியாவதில்லை. தொட்டிகளிலிருந்து வெளியேறிய உறிஞ்சுவாய் மீன்கள் விக்ரோறியா, கலாவெவ நீர்த்தேக்கங்களில் பெருகியுள்ளன. அவற்றின் முள்ளும் கடின ஓடும் வலையைக் கிழிக்கின்றன. அகப்பட்டதை வாங்குவாரும் இல்லை. இவை கரைமண்ணில் வளை தோண்டி முட்டையிடும் இனம். குளக்கட்டையும் அதன்கீழுள்ள வயலையும் நம்பி வாழ்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தென்மேற்கிலே பொல்கொட வாவிப் பக்கம் கத்திமீனும் இப்படியே குடியேறி, உள்ளூர் மீன்களைத் தின்று வாழ்கிறது.

ஆகவே முதலில் விற்ற கடையிலே திருப்பி எடுப்பார்களா என்றும், பெரிய தொட்டியுள்ள பாடசாலையோ வளர்ப்பவரோ உண்டா என்றும் கேளுங்கள். ஒருவரும் இல்லையாயின், நோயுற்ற அல்லது இடமற்ற மீனை வேதனையின்றி முடிப்பதே இரக்கமாகும். கராம்பு எண்ணெயை முதலில் சிறிதளவு இளஞ்சூட்டு நீரில் நன்றாகக் குலுக்கி, மீன் உள்ள வாளியில், லீற்றருக்குப் பத்துத் துளிக்குக் குறையாமல் கலந்தால் மீன் மயங்கிவிடும். செவுளின் அசைவு நின்றபின்னும் பத்து நிமிடங்களுக்கு மேலாக விட்டு, வாழையடியில் புதைக்கலாம். நிலத்தில் போட்டுத் துடிக்கவிடுவதும், மலசலகூடக் குழியில் போடுவதும் வேண்டாம்.

கப்பியை மட்டும் நாம் துணிந்து ஏற்கலாம். கடின நீரைத் தாங்கும், நுளம்புக் குடம்பியைத் தின்னும். 2016 இல் மன்னாரில் புதுவகை மலேரியா நுளம்பு கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டபோது அதன் குடம்பிகளை ஒழிக்கவும் இம்மீனைக் கிணறுகளில் விட்டார்கள். ஆனால் மாதத்துக்கொருமுறை இருபது, முப்பது குட்டிகள் போடும். ஆணையும் பெண்ணையும் வேறாக்கினாலும், பெண்மீன் முன்பு பெற்ற விந்தைத் தன்னுள் வைத்திருந்து பல மாதங்கள் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். எனவே பிரித்து வைத்த முதல் ஆறு மாதங்களுக்குக் குட்டிகளை எங்கே வைப்பது, யாருடைய தண்ணீர்த் தொட்டிக்குக் கொடுப்பது என்பதை மீன் வாங்குமுன்பே அயலவரோடு கதைத்து வைத்துக்கொள்ளுங்கள்.