துரை கொண்டு வந்த பசு!

ஆபீஸில் மேலதிகாரி ஃபைலைத் தூக்கி மேஜையில் வீசும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். 'வேலையை விட்டுட்டு நாலு மாடு வாங்கி, பண்ணை வெச்சிட்டா என்ன?' உங்களுக்கும் வந்திருக்குமே, சார்! நான் ஒருபடி மேலே போய், பாங்கில் லோன் ஃபாரமே வாங்கி வந்துவிட்டேன்.

எங்கள் ஆறுமுகநேரியில் உப்பு உண்டு, வெயில் உண்டு. பச்சைப் புல்தான் கொஞ்சம் கஷ்டம்!

அப்போதுதான் சாமுவேல் பேக்கர் கதையைப் படித்தேன். எங்கள் கடலுக்கு அக்கரையில், இலங்கையில் நடந்தது. 1821-ல் லண்டனில் பிறந்த பேக்கர், யானை வேட்டைக்காக அங்கே வந்தார். காய்ச்சலில் விழுந்தார். உடம்பு தேற நுவரெலியா மலைக்குப் போனார். ஆறாயிரம் அடி உயரம், ஜிலுஜிலு காற்று. இரண்டே வாரத்தில் காய்ச்சல் போய், ஆசை பிடித்துக்கொண்டது. இங்கேயே ஓர் இங்கிலீஷ் கிராமத்தை உண்டாக்கினால் என்ன?

ஆயிரம் ஏக்கர் வாங்கினார். 1848-ல் இங்கிலாந்திலிருந்து கப்பல் கிளம்பியது. கொல்லர், பண்ணை மேஸ்திரி, குதிரை, செம்மறிக் கிடா, வேட்டை நாய்கள், ஒரு காளை, கொழுகொழுவென்று ஒரு டர்ஹாம் பசு... நோவாவின் பேழைதான்!

கொழும்பில் இறங்கிய பசுவை மலைக்கு ஏற்ற வண்டி தயார். மகாராணி ஏறினாள். வண்டியின் அடிப்பலகை பெயர்ந்து விழுந்தது! சரி, நடந்தே வரட்டும் என்று ஓட்டிப் போனார்கள். பாவம், மலையைப் பார்க்காமலே வழியில் செத்துப் போனது. குதிரைக்காரர் ஹென்றி பெர்க்ஸ் போதையில் கோச்சு வண்டியைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, தான் உடன் உருளாததே பாக்கியம் என்று முதலாளிக்குக் கடிதம் போட்டார். (என் ஆபீஸில் இப்படி ஒரு லெட்டர் எழுத முடியுமா?)

பிறகு கோமாரி மாதிரி ஏதோ ஒரு நோய். சில நாட்களில் 26 மாடுகள் காலி. விதைத்த உருளைக்கிழங்கைப் புழுவும் காட்டுப்பன்றியும் பங்கு போட்டன. மண்ணில் சத்தே இல்லை, சாணி எரு போட்டால்தான் விளையும் என்பது அதற்கப்புறம்தான் துரைக்குப் புரிந்தது. விளைந்தது. 1855-ல் ஊரைவிட்டுக் கிளம்பி, ஆப்பிரிக்காவில் ஏரி கண்டுபிடித்து 'சர்' பட்டமும் வாங்கிவிட்டார். ஓர் அருவிக்கு இன்றும் அவர் பெயர். காடு வெட்டிய கூலிக்காரர்கள் பெயர் ஒரு வாய்க்காலுக்குக்கூட இல்லை!

எங்கள் தெரு பால்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"அவருக்காச்சும் குளுந்த மலை, தம்பி. நம்ம வெயிலுக்குச் சீமைப் பசு தாங்கணும்லா? லோன் கெடக்கட்டும். ஒரு மாசம் எந்தொழுவுல வந்து சாணி அள்ளிப் பாருங்க."

இன்றோடு ஒன்பது நாள். காலை ஐந்து மணிக்குத் தொழுவம், ஒன்பதரைக்கு ஆபீஸ். பக்கத்து சீட்காரர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஃபாரத்தில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன்.