விண்மீன் மறைப்பு

விண்மீன் மறைப்பு என்பது சூரியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றின் முன்னால் கடந்து செல்லும்போது, அவ்விண்மீனின் ஒளி சிறிது நேரம் மறைக்கப்படும் நிகழ்வு ஆகும். தொலைநோக்கியில் வெறும் ஒளிப்புள்ளியாக மட்டுமே தெரியும் பொருட்களின் அளவு, வடிவம், வளிமண்டலம், வளையங்கள் ஆகியவற்றைப் புவியில் இருந்தே அறிய இம்முறை பயன்படுகின்றது.

தத்துவம்

விண்மீன்கள் மிகத் தொலைவில் உள்ளதால் அவற்றின் ஒளிக்கதிர்கள் ஏறத்தாழ இணையாகவே வந்து சேர்கின்றன. எனவே இடையில் வரும் பொருளின் நிழல், ஏறக்குறைய அப்பொருளின் அளவிலேயே புவியின் மீது விழுகின்றது. நிழல் நகரும் வேகம் முன்னரே கணிக்கப்படுவதால், விண்மீன் மறைந்திருந்த நேரத்தைக் கொண்டு நீளத்தைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, நிழல் வினாடிக்கு 25 கி.மீ. வேகத்தில் நகரும்போது விண்மீன் 1.2 வினாடிகள் மறைந்தால், அவ்விடத்தைக் கடந்த நிழலின் நீளம் 30 கி.மீ. ஆகும். நேரக் குறிப்பில் பத்தில் ஒரு வினாடி பிழை நேர்ந்தால் அளவில் 2.5 கி.மீ. பிழை ஏற்படும்.

ஓர் இடத்தில் இருந்து பெறும் அளவீடு ஒரு கோட்டை மட்டுமே தரும். நிழற்பாதைக்குக் குறுக்கே பல இடங்களில் தொலைநோக்கிகளை நிறுத்தினால் பல கோடுகள் கிடைக்கும். அவற்றை அடுக்கிப் பொருளின் உருவரையைப் பெறலாம். விண்மீன் மறையாத இடங்களும் பயனுள்ளவையே. நிழலின் எல்லையை அவை காட்டுகின்றன.

பொருளுக்கு வளிமண்டலம் இருப்பின் ஒளி சட்டென்று அணையாமல் படிப்படியாக மங்கும். புளூட்டோவின் வளிமண்டலம் 1988 ஜூன் 9 அன்று இவ்வாறே உறுதி செய்யப்பட்டது.

வளையங்களின் கண்டுபிடிப்பு

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. கோளின் வளிமண்டலத்தை ஆராயவே இந்நிகழ்வு அவதானிக்கப்பட்டது. ஆனால், கோள் மறைப்பதற்கு முன்னரும் பின்னரும் விண்மீன் சில முறை கணநேரம் மங்கியது. வானூர்தியில் அமைந்த கைப்பர் வானாய்வகத்தில் இருந்து இதைப் பதிவு செய்த ஜேம்ஸ் எலியட் குழுவினர், யுரேனசைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்திலும் இம்மறைப்பு அவதானிக்கப்பட்டது. அங்கு பதிவான ஒளிக்குறைவு முதலில் ஒரு துணைக்கோளால் ஏற்பட்டதாகக் கருதப்பட்டது.

2013 ஜூன் 3 அன்று நிகழ்ந்த மறைப்பின் மூலம், சுமார் 250 கி.மீ. விட்டமே கொண்ட சாரிக்லோவுக்கும் இரு வளையங்கள் உள்ளமை தெரிய வந்தது.

அரோகோத், 2017

கைப்பர் பட்டையில் உள்ள அரோகோத் 2014 இல் ஹபிள் தொலைநோக்கியால் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 36 கி.மீ. நீளமுள்ள இது புவியில் இருந்து 600 கோடி கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. ஆயிரம் கி.மீ. தொலைவில் வைக்கப்பட்ட ஒரு மிளகின் அளவே தோற்றம் கொண்டது எனலாம். நியூ ஹரைசன்ஸ் விண்கலம் இதனை நெருங்கிக் கடக்கவிருந்ததால், இதன் அளவையும் சுற்றுப்பாதையையும் முன்கூட்டியே அறிவது இன்றியமையாததாயிற்று.

2017 ஜூன் 3 அன்று தென்னாப்பிரிக்காவிலும் ஆர்ஜென்டீனாவிலும் செய்யப்பட்ட முயற்சியில் எந்தத் தொலைநோக்கியிலும் மறைப்பு பதிவாகவில்லை. திருத்திய கணிப்பின்படி, ஜூலை 17 அன்று ஆர்ஜென்டீனாவின் பட்டகோனியாப் பகுதியில் 24 தொலைநோக்கிகள் நிறுத்தப்பட்டன. கொமொடோரோ ரிவதாவியா நகரைச் சார்ந்த பகுதியில் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. நெடுஞ்சாலை இரண்டு மணி நேரம் மூடப்பட்டது. பலத்த காற்றைத் தடுக்கச் சரக்குந்துகள் அரணாக நிறுத்தப்பட்டன. ஐந்து தொலைநோக்கிகளில் மறைப்பு பதிவானது.

அந்த ஐந்து கோடுகளும், அரோகோத் உருண்டையானதன்று. மிக நீண்டதாகவோ இரு பொருட்கள் இணைந்ததாகவோ இருக்கலாம் எனக் காட்டின. 2019 ஜனவரி 1 அன்று விண்கலம் எடுத்த படங்களில், ஒட்டிக்கொண்ட இரு மடல்களாகவே அது காணப்பட்டது.