தமனி விறைப்பும் கால்சிய ஏற்றமும்

பக்கவாதம் பற்றித் தமிழில் வெளிவரும் கையேடுகளிலும் பாடக்குறிப்புகளிலும் ‘குழாய் தடித்தல்’, ‘இறுகுதல்’, ‘அடைப்பு’, ‘சுண்ணாம்பு படிதல்’ என்னும் தொடர்கள் ஒன்றற்கொன்று மாற்றாக ஆளப்படுவதைக் காண்கிறோம். இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. வெவ்வேறு நிகழ்ச்சிகளின் பெயர்கள். மருத்துவம் நம் துறையன்று எனினும், சொற்களைப் பிரித்தறிவது நம் துறையே. ஆதலின் அவற்றுள் விறைப்பு, கால்சிய ஏற்றம் ஆகிய இரண்டையும், அவை ஒன்றையொன்று வளர்த்துப் பக்கவாதத்தில் கொண்டுவிடும் வகையையும் இங்கு ஆராய்வோம்.

முதலில் விறைப்பு. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வெறுங்குழாயன்று. ஒவ்வொரு துடிப்பின்போதும் அது சற்றே விரிந்து, வந்த குருதியின் ஒரு பகுதியைத் தன்னுள் தாங்குகிறது. இதயம் ஓய்வுகொள்ளும் இடைவேளையில் மெல்லச் சுருங்கி அதனை முன்தள்ளுகிறது. 1733ஆம் ஆண்டு நூலெழுதிய ஆங்கிலேயர் ஸ்டீபன் ஹேல்ஸ், இச்செயலை அக்காலத் தீயணைப்பு எந்திரத்தின் காற்றறையோடு ஒப்பிட்டார். விட்டுவிட்டு அடிக்கும் பம்பிலிருந்து இடையறாத நீரோட்டத்தைப் பெறத் துணைசெய்வது அவ்வறை. தமனிக்கு இத்தன்மையைத் தருவன எலாஸ்டின் என்னும் புரத இழைகள். அவை பெரும்பாலும் இளமையிலேயே உருவாகிவிடுகின்றன. பின்னர்ப் போதிய அளவு புதுப்பிக்கப்படுவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 100,000 துடிப்புகள் எனக் கொண்டால், அறுபது வயதுக்குள் 200 கோடிக்கும் மேற்பட்ட நீட்சிகளை அவை தாங்கியிருக்கும். நைந்து முறியும் இழைகளின் பொறுப்பைக் கொலாஜன் என்னும் நெகிழாப் புரதம் ஏற்கிறது. சுவர் விறைக்கிறது.

இவ்விறைப்பை அளக்கவும் வழியுண்டு. மணிக்கட்டில் விரலுக்குத் தட்டுப்படுவது இதயத்திலிருந்து அக்கணமே வந்துசேர்ந்த குருதியன்று. குருதியினும் பன்மடங்கு விரைந்து சுவர்வழி ஓடிவரும் அலை. ‘நாடி’ என்னும் சொல் நம் மரபில் குழாயையும் துடிப்பையும் ஒருங்கே குறிப்பது இங்கு எண்ணத்தக்கது. சுவர் விறைக்க விறைக்க அலையின் விரைவு கூடும். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அது வினாடிக்கு 10 மீட்டரைக் கடந்தால் பெருந்தமனி விறைத்துள்ளது என ஐரோப்பிய மருத்துவ வல்லுநர்கள் கொள்கின்றனர்.

அடுத்தது ‘சுண்ணாம்பு’. இச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது வெந்நீர்க் கெண்டியின் அடியில் ஒட்டிய வெண்படலம். மருத்துவர்களும் நெடுங்காலம், முதுமையில் தானே சேரும் கசடு என்றே இதனைக் கருதினர். அவ்வுருவகம் இருவகையிலும் பிழைபட்டது. சேர்வது சுண்ணாம்பன்று, எலும்பிலும் பல்லிலும் உள்ள கால்சியம் பாஸ்பேட்டுக் கனிமம். அது வாளா படிவதுமில்லை. தமனிச் சுவரின் தசை உயிரணுக்கள் தம் இயல்பு திரிந்து, எலும்பை ஆக்கும் உயிரணுக்களைப்போல் நடந்துகொள்கின்றன. இதனைத் தடுக்கும் புரதங்களும் உடலில் உள்ளன. அத்தகைய புரதமொன்று இல்லாமல் பிறக்கச்செய்யப்பட்ட எலிகள், தமனிகளில் கால்சியம் ஏறிக் குழாய் வெடித்து இரண்டு மாதங்களுக்குள் மாண்டதை 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே ‘படிவு’ என்பதினும் ‘ஏற்றம்’ என்பதே தகும் என்பது நம் துணிபு. பாலருந்தினால் குழாயில் சுண்ணாம்பு சேரும் என்றஞ்சி அதனை விலக்குவோரும் உளர். அவ்வச்சத்தில் சொல்லுக்கும் பங்குண்டு.

கால்சியம் ஏறும் இடம் இரண்டு. உட்படையில் கொழுப்புத் திட்டுகளோடு சேர்ந்து ஏறுவது ஒன்று. அங்கு வழி குறுகும். நடுப்படையில் ஏறுவது மற்றொன்று. 1903இல் ஜெர்மானிய மருத்துவர் மெங்க்கபெர்க் விரித்துரைத்தது. நீரிழிவும் சிறுநீரக நோயும் உடையோரிடம் மிகுதியாகக் காணப்படும் இவ்வகையில் வழி குறுகுவதில்லை, சுவரே விறைக்கிறது. ‘அடைப்பு’ என்னும் சொல் இதற்குப் பொருந்தவே பொருந்தாது.

இனி இரண்டுக்கும் உள்ள தொடர்பு. முறிந்த எலாஸ்டின் இழை, கால்சியம் பற்றிப் படரும் கொழுகொம்பாகிறது. ஏறிய கால்சியம் சுவரை மேலும் விறைக்கச்செய்கிறது. விறைத்த சுவரில் ஒவ்வொரு துடிப்பும் வன்மையாக மோத, அம்மோதல் தசை உயிரணுக்களை மேலும் திரியச்செய்கிறது. விதை முந்தியதா, மரம் முந்தியதா என்னும் வினாவைப் போன்றதே இதுவும்.

இச்சுழலின் சுமை மூளைமேல் இறங்குகிறது. உடலெடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆன மூளை, இதயம் செலுத்தும் குருதியில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைப் பெறுகிறது. இவ்வோட்டத்தைத் தடையின்றி ஏற்கும் வகையில் அதன் குழாய்கள் அமைந்துள்ளன. ஆதலின் பெருந்தமனி தணிக்கத் தவறிய துடிப்பு நுண்குழாய்கள்வரை ஊடுருவுகிறது. நாளடைவில் சில அடைபடுகின்றன, சில வெடிக்கின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் மூத்தோரைப் பல்லாண்டு தொடர்ந்துவரும் ஆய்வு இரண்டையும் உறுதிப்படுத்தியது. அலைவிரைவு மிக்கோருக்குப் பக்கவாத இடர் மிகுதி என்பது அதன் 2006ஆம் ஆண்டு முடிவு. மண்டையோட்டினுள் செல்லும் கழுத்துத் தமனிப் பகுதியில் கால்சியம் ஏறுவது முதன்மையான இடர்க்காரணி என்பது 2014ஆம் ஆண்டு முடிவு. மூளையினுள் அமைந்த பெருங்குழாய்களின் நோய் ஆசியரிடையே கூடுதலாகக் காணப்படுவதால் நமக்கு இது தொலைவான செய்தியன்று.

‘பக்கவாதம்’ என்னும் சொல்லும் ஓரளவு மறைக்கவே செய்கிறது. கைகால் இயங்க, பேச்சு மட்டும் குழறுவதும் அந்நோயே. பக்கம் விழவில்லையே என்று வீட்டார் காத்திருப்பின் மூளை காத்திராது.

மூத்தோரிடம் விறைப்பின் எளிய அடையாளம், இரத்த அழுத்தத்தின் மேலெண் உயர்ந்தும் கீழெண் உயராமலும் இருத்தல். முதுமைக்கு இது இயல்பு என முன்னாளில் மருத்துவர் பலர் விட்டுவிட்டனர். 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வு அக்கருத்தை மாற்றியது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 4,736 பேர், மேலெண் 160 அல்லது கூடுதலாகவும் கீழெண் 90க்குக் குறைவாகவும் உடையோர், அதில் பங்கேற்றனர். மருந்து பெற்றோரிடம் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. ஏறிய கால்சியத்தை இறக்க உறுதியான மருந்து இன்னும் இல்லை. அழுத்தத்தை இறக்கும் மருந்து உண்டு. தாத்தா பாட்டியின் அளவீட்டு அட்டையில் எவ்வெண்ணை முதலில் நோக்கவேண்டும் என்பதை உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு ஒரு பாடவேளையில் கற்பித்துவிடலாம்.