ரூஸ்வெல்ட்: கை நீண்ட இடங்களும் நீளாத இடங்களும்

1942 பிப்ரவரியில் அமெரிக்கக் கடைகளில் உலக வரைபடத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. 23-ஆம் தேதி இரவு அதிபர் வானொலியில் பேசப்போகிறார், கேட்பவர்கள் உலகப் படம் ஒன்றை எதிரில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வீட்டில் படம் இல்லாதவர்கள் கடைக்கு ஓடினார்கள். அன்றிரவு ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, பிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட் சொல்லச் சொல்ல விரலால் கடல்களைக் கடந்தார்கள்.

பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூர் விழுந்து எட்டு நாள். பிலிப்பைன்ஸில் சிக்கிய வீரர்களுக்கு ஏன் உடனே உதவி அனுப்ப முடியவில்லை, சீனாவுக்கு உதவுவது ஏன் முக்கியம், இரண்டு சமுத்திரங்களும் நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கை ஏன் இனிச் செல்லாது என்றெல்லாம் அவர் பொறுமையாக விளக்கினார். தோல்விச் செய்தியை மறைக்காமல், ஆனால் மனம் உடையாமல் மக்களிடம் சொல்ல முடியும் என்பதற்கு அந்தப் பேச்சு இன்றும் பாடமாக இருக்கிறது.

அதற்கு நான்கு நாட்களுக்கு முன், பிப்ரவரி 19 அன்று, அதே மனிதர் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலிலிருந்து கிளப்பி முள்வேலி முகாம்களில் அடைக்க வழிசெய்தது அந்த ஆணை. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

ரூஸ்வெல்ட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் முழுதாகத் தெரிகிறார்.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஹைட் பார்க்கில், 1882 ஜனவரி 30 அன்று செல்வச் செழிப்பான குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாய் சாராவுக்கு ஒரே பிள்ளை. ஹார்வர்டு படிப்பு, கடற்படைத் துறையில் துணைச் செயலர் பதவி, 1920-இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் என்று எல்லாம் தடங்கலின்றி நடந்தது. மனைவி எலினோர், முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் தம்பி மகள்.

1921 ஆகஸ்டில் கனடாவின் காம்போபெல்லோ தீவில் விடுமுறையைக் கழிக்கப் போனார். ஒருநாள் குளிர்ந்த நீரில் நீந்திவிட்டு, ஈர உடையோடு உட்கார்ந்து தபால்களைப் படித்தார். உடம்பு நடுங்கியது, போய்ப் படுத்தார். மறுநாள் எழுந்தபோது ஒரு கால் தள்ளாடியது. சில நாட்களில் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இளம்பிள்ளை வாதம் என்றார்கள் மருத்துவர்கள். அப்போது அவருக்கு வயது 39.

அதன்பின் அவர் 'நடந்ததை' நடை என்று சொல்ல முடியாது. இடுப்பிலிருந்து பாதம் வரை எஃகுப் பட்டைகள். எழுந்து நின்றதும் முழங்காலில் அவற்றைப் பூட்ட வேண்டும். ஒரு கையால் மகனின் தோளையோ முழங்கையையோ இறுகப் பற்றி, மறுகையில் கைத்தடி ஊன்றி, இடுப்பை வீசி வீசி ஒவ்வோர் அடியாக முன்னேறுவார். முகத்தில் சிரிப்பு இருக்கும், சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். வீட்டுக்குள் பயன்படுத்திய சக்கர நாற்காலி, சாதாரண நாற்காலியில் சக்கரம் பொருத்திச் செய்தது. அந்த நாற்காலியில் அவர் இருக்கும் புகைப்படங்கள் மிகச் சிலவே உள்ளன. அப்படிப் படம் எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் அனுமதிக்கப்படவில்லை.

கால்களுக்குச் சிகிச்சை தேடித்தான் 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸுக்குப் போனார். அங்கே வெந்நீர் ஊற்று உண்டு. அதில் இறங்கினால் செயலிழந்த கால்கள் கொஞ்சம் மிதந்து அசைந்தன. சொத்தின் பெரும்பகுதியைக் கொட்டி 1926-இல் அந்த இடத்தையே வாங்கி, இளம்பிள்ளை வாதம் தாக்கியவர்களுக்கான சிகிச்சை நிலையமாக மாற்றினார். கையாலேயே இயக்கும்படி மாற்றியமைத்த காரில் சுற்றுவட்டார மண்சாலைகளில் போய், வேலியோரம் காரை நிறுத்திப் பருத்தி விவசாயிகளோடு பேசுவார். ஹட்சன் ஆற்றங்கரைப் பணக்காரருக்கு ஏழை அமெரிக்கா பழக்கமானது அங்கேதான். அங்கே அவர் தங்கிய சின்ன வீட்டுக்கு முதல் மின்கட்டணம் வந்தபோது திடுக்கிட்டதாக அவரே பின்னாளில் சொன்னார். யூனிட்டுக்கு 18 சென்ட். ஹைட் பார்க் வீட்டுக்குக் கொடுத்ததைப் போல நான்கு மடங்கு. ஏழைக்கு ஏன் மின்சாரம் விலை கூடுதல் என்ற அந்தக் கேள்விதான் பிறகு கிராம மின்மயத் திட்டமாக வளர்ந்தது.

1933 மார்ச் 4 அன்று அவர் அதிபராகப் பதவியேற்றபோது அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் வங்கிகள் மூடிக்கிடந்தன, அல்லது பணம் எடுக்கக் கட்டுப்பாடு இருந்தது. இரண்டு நாளில் நாடு முழுக்க வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். மார்ச் 12, ஞாயிறு இரவு, வானொலி முன் உட்கார்ந்தார். வங்கியில் போட்ட பணம் பெட்டியில் தூங்குவதில்லை, அது கடனாகப் போகிறது, எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியும் தாங்காது என்று அடிப்படையிலிருந்து ஆரம்பித்தார். பரிசோதித்த வங்கிகளே திறக்கப்படும், இனி மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட வங்கியில் வைப்பதே பத்திரம் என்றார். மறுநாள் வங்கி வாசலில் வரிசை நின்றது. எடுக்க வந்த கூட்டமில்லை, பணத்தைத் திரும்பப் போட வந்த கூட்டம்.

அந்தக் குரலுக்குப் பின்னால் உழைப்பும் இருந்தது. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்ததால் ஒலிவாங்கியில் மெல்லிய விசில் சத்தம் கேட்கும். அதைத் தடுக்கச் சிறிய பொய்ப்பல் ஒன்றை வைத்திருந்தார், பேசும் நேரத்தில் மட்டும் பொருத்திக்கொள்வார்.

'நியூ டீல்' என்ற பெயரில் அடுத்து வந்த சட்டங்களை எல்லாம் இங்கே அடுக்க இடமில்லை. வேலையற்ற இளைஞர்களை முகாமிட்டுக் காடு வளர்க்க அனுப்பினார். மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். டென்னசி ஆற்றில் அணைகள் எழுந்தன. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டம் பாதுகாத்தது. 1938-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட் என்று வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1935 ஆகஸ்ட் 14 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டம். முதியவர்களுக்கு ஓய்வூதியம், வேலை இழந்தவர்களுக்கு உதவி. அதற்கு முதுகெலும்பாக இருந்தவர் தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சிஸ் பெர்கின்ஸ், அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். நியூ டீல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. 1937-இல் பொருளாதாரம் மறுபடி சரிந்தது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதிகளை நியமிக்க அவர் போட்ட திட்டம் சொந்தக் கட்சியிலேயே தோற்றது. ஆனாலும் ஏழையின் பசி அரசாங்கத்தின் கவலை என்பதை அவர் நிலைநாட்டிவிட்டார். போர் வெற்றியைவிட இதுவே அவருடைய பெரிய சாதனை.

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அதில் இடமில்லை. அவர்களிடம் வரி வசூலிப்பது கடினம் என்றது கருவூலத் துறை. தென்மாநில உறுப்பினர்களுக்கும் அது வசதியாக இருந்தது. கறுப்பினத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளியே நின்றார்கள். கும்பல் கொலைகளைத் தடுக்கும் மசோதாவுக்கு வெளிப்படையாக ஆதரவு தாருங்கள் என்று கறுப்பினத் தலைவர் வால்டர் ஒயிட் நேரில் கேட்டபோதும், தென்மாநிலத்தார் கோபித்தால் மற்ற மசோதாக்கள் விழுந்துவிடும் என்று சொல்லி ரூஸ்வெல்ட் ஒதுங்கினார். தென்மாநிலங்களில் ஓட்டுரிமை மறுக்கப்பட்ட கறுப்பின மக்களால் அவரை நெருக்க முடியவில்லை. நெருக்கியபோது நடந்தது. 1941-இல் கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பேரணி கிளம்பும் என்று எச்சரித்ததும், ஆயுதத் தொழிற்சாலைகளில் நிற வேறுபாடு கூடாது என்ற ஆணை வந்தது.

போர்க்காலத் தலைமையில் அவருக்கு நிகர் சொல்வது கடினம். பக்கத்து வீடு பற்றி எரியும்போது தோட்டத்துக் குழாயைக் கொடுக்க விலை பேசுவோமா என்று நிருபர்களிடம் கேட்டுத்தான் 1940 டிசம்பரில் பிரிட்டனுக்கு ஆயுதம் தரும் திட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். போர் முடிவதற்குள் அமெரிக்கத் தொழிற்சாலைகள் சுமார் 3 லட்சம் விமானங்களைக் கட்டியிருந்தன. ஹிட்லருக்கு எதிராக சர்ச்சிலையும் ஸ்டாலினையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததில் அவர் பங்கு மிகப் பெரியது.

அதே போரின் பெயரால்தான் 9066-ஆம் ஆணையும் வந்தது. சட்டத்துறைத் தலைவர் பிரான்சிஸ் பிடில் இது தேவையில்லை என்றார். உளவுத் துறையின் எட்கர் ஹூவரும் உடன்படவில்லை. ஆனால் கலிஃபோர்னிய அரசியல்வாதிகளும் படைத் தளபதியும் கொடுத்த நெருக்கடிக்கு ரூஸ்வெல்ட் இணங்கினார். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பண்ணையையும் கடையையும் வந்த விலைக்கு விற்றுவிட்டுக் குடும்பங்கள் கிளம்பின. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சாண்டா அனிதா குதிரைப் பந்தய மைதானத்தில், குதிரை லாயங்களில் சுண்ணாம்பு அடித்து அவர்களைத் தங்கவைத்தார்கள். பிறகு மன்சானார் போன்ற பத்து முகாம்கள். இந்த முகாம்களிலிருந்து போன இளைஞர்களும் சேர்ந்த 442-ஆவது படைப்பிரிவு ஐரோப்பாவில் போராடி ஏராளமான வீரப் பதக்கங்களை வென்றது. 1944 மே மாதமே முகாம்களைக் கலைக்கலாம் என்று அமைச்சரவையில் பேச்சு வந்தும், நவம்பர் தேர்தல் முடியும்வரை அவர் தள்ளிப்போட்டார். இதற்கு ராணுவக் காரணம் எதுவும் சொல்ல முடியாது.

இந்தியாவும் அவர் கை நீண்டு பாதியில் நின்ற இடம்தான். எல்லா மக்களுக்கும் தங்கள் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று 1941 ஆகஸ்டில் சர்ச்சிலோடு சேர்ந்து அட்லாண்டிக் சாசனம் வெளியிட்டார். அது இந்தியாவைக் குறிக்காது என்று சர்ச்சில் அடுத்த மாதமே சொல்லிவிட்டார். ரூஸ்வெல்ட் விடவில்லை. 1942 மார்ச்சில், இந்தியாவில் இடைக்கால அரசு அமைக்கலாமே என்று சர்ச்சிலுக்கு எழுதினார். தன் பிரதிநிதியாக லூயி ஜான்சனை டெல்லிக்கு அனுப்பினார். ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டு, சென்னையில் மக்கள் ஊரைக் காலிசெய்துகொண்டிருந்த நாட்கள் அவை. பிரிட்டன் அனுப்பிய கிரிப்ஸ் இந்தியத் தலைவர்களோடு நடத்திய பேச்சுவார்த்தை முறிந்ததும் இன்னொரு முறை முயலுங்கள் என்று சர்ச்சிலுக்குத் தந்தி அடித்தார். சர்ச்சில் கொதித்தார். போர்க்கூட்டணி உடையுமோ என்ற அச்சத்தில் ரூஸ்வெல்ட் பின்வாங்கினார்.

அந்த ஜூலை முதல் தேதி காந்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, அமெரிக்காவிலேயே கறுப்பின மக்களின் பிரச்சினை தீராதவரை, சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்ற நேச நாடுகளின் பேச்சு வெறுமையாக ஒலிக்கிறது என்பது அதன் சாரம். ரூஸ்வெல்ட்டின் மிதமான பதில் ஆகஸ்ட் 1 தேதியிட்டது. அது கைக்குச் சேருமுன் காந்தி சிறைப்பட்டுவிட்டார். வங்கப் பஞ்சத்துக்குப் பின் 1944-இல், ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கோதுமை கொண்டுவரக் கப்பல் தாருங்கள் என்று சர்ச்சிலே கேட்டபோதும், போர்ப் பணிக்கே கப்பல் போதவில்லை என்று வாஷிங்டன் மறுத்துவிட்டது. சுதந்திரம் பற்றி அவ்வளவு பேசியவரிடமிருந்து இந்தியர்கள் கூடுதலாக எதிர்பார்த்ததில் தவறில்லை.

1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்டு புரூயன் பரிசோதித்தபோதே ரத்த அழுத்தம் 186/108. ஆனாலும் நான்காம் முறையாகத் தேர்தலில் நின்று வென்றார், யால்டா மாநாட்டுக்குப் பயணம் போனார். திரும்பி வந்து 1945 மார்ச் 1 அன்று நாடாளுமன்றத்தில் பேசும்போது முதன்முறையாக உட்கார்ந்துகொண்டே பேசினார். கால்களில் பத்து பவுண்டு எஃகைச் சுமந்து நிற்பதைவிட இது எளிது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருபத்து மூன்று ஆண்டுகளாக மறைத்ததை அன்றுதான் அந்த அவையில் வாய்விட்டுச் சொன்னார். ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வார்ம் ஸ்பிரிங்ஸ் வீட்டில் ஓவியர் எலிசபெத் ஷூமடாஃபுக்கு முகம் காட்டி அமர்ந்திருந்தபோது, பின்தலையில் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். மூளையில் ரத்தக் கசிவு. வயது 63. ஓவியம் பாதியில் நின்றது.

அவர் கனவுகண்ட ஐ.நா. சபையின் மாநாடு பதின்மூன்று நாளில் சான் பிரான்சிஸ்கோவில் கூடியது. இந்தியாவின் பெயரால் அதன் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க ரூஸ்வெல்ட் 1938-இல் தொடங்கிய அறக்கட்டளைக்கு மக்கள் பத்து சென்ட் பத்து சென்டாக அனுப்பிய பணம்தான் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆய்வுக்குப் போனது. அந்தத் தடுப்பூசி பலன் தருகிறது என்று அறிவிக்கப்பட்டது 1955 ஏப்ரல் 12 அன்று, அவர் இறந்து சரியாகப் பத்தாம் ஆண்டு. பத்து சென்ட் நாணயத்தில் அவர் முகம் பொறிக்கப்பட்டது. இனி யாரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தம் 1951-இல் வந்ததற்கும் அவரே காரணம்.

முகாம்களில் அடைபட்டவர்களிடம் 1988-இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு தரச் சட்டம் இயற்றியது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இன்று ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாதந்தோறும் பணம் பெறுகிறார்கள். 1935-இல் வெளியே நிறுத்தப்பட்ட விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைத் தொழிலாளர்களையும் அதற்குள் கொண்டுவந்தவை, அவர் மறைவுக்குப் பிறகு 1950-லும் 1954-லும் வந்த திருத்தங்கள்.